பன்னிரண்டுக்கும் இருபத்தொன்றுக்கும் நடுவில்

அக்காவின் குரல்பதிவு நான்கு நிமிடம் ஓடியது. சைட்டில், பாதி மாட்டியிருந்த ஏசி டக்ட் ஒன்றின் கீழே நின்றுகொண்டு கேட்டேன். விஷயம் இதுதான்: செப்டம்பரில் மூன்று பையன்களுக்கும் பிறந்தநாள் வருகிறது, அத்தானுக்கு ஓவர்டைம், அவளுக்கு முதுகுவலி. "நீதான் இன்ஜினியராச்சே, நீயே பிளான் பண்ணிடுடா."

எங்கள் குடும்பத்தில் இன்ஜினியர் என்றால் கல்யாணத்துக்கு நாற்காலி எண்ணுபவன், வைஃபை வராவிட்டால் வரவேண்டியவன், எக்செல் திறக்கத் தெரிந்தவன். பெர்லிஸில் நான்கு வருடம் படித்து, இப்போது கட்டடங்களுக்குக் குளிரூட்டிக் குழாய் வரைகிறேன். அதற்கும் பலூனுக்கும் என்ன சம்பந்தம் என்று அக்காவிடம் கேட்க முடியாது. சின்னவனுக்கு 6ஆம் தேதி ஐந்து வயது. நடுவனுக்கு 14ஆம் தேதி பத்து. மூத்தவனுக்கு 21ஆம் தேதி பதினாறு. மூன்றும் ஒரே மாதத்தில் வந்ததற்குக் காரணம் டிசம்பர் பள்ளி விடுமுறை என்று எனக்கு ஒரு கருத்து உண்டு. அக்கா இந்த மாதிரிப் பத்திரிகையெல்லாம் படிக்கமாட்டாள் என்ற தைரியத்தில் எழுதுகிறேன்.

எக்செல்லில் மூன்று பத்திகள் போட்டேன். சின்னவன் பத்தி ஒரே நாளில் நிரம்பியது. நடுவன் தன் பத்தியைத் தானே நிரப்பினான், போனில், ஃபுல்ஸ்டாப் இல்லாமல். மூத்தவனுக்கு என்ன என்று கேட்டதற்கு அக்கா சொன்னாள்: "அவனுக்கு ஒண்ணும் வேணாம்டா. பெரிய பையன். அரை கிலோ கேக் சொல்லிடு, போதும்."

சின்னவனை வேகமாக முடித்துவிடுகிறேன். ஐந்து வயதுப் பிறந்தநாள் ஐந்து வயதுக்காரனுக்கு நடப்பதில்லை. அவனுக்கு முதலில் உப்பின் இப்பின் கேக் வேண்டும் என்றான், மூன்றாம் நாள் மண் தோண்டும் இயந்திரம் என்றான். பிறகு இரண்டும். உப்பினும் இப்பினும் இயந்திரம் ஓட்டுவதுபோல் செய்துதரக் காப்பாரில் ஒரு அக்கா ஒப்புக்கொண்டார், 180 வெள்ளி. வீட்டு வாசலில் கனோபி போட்டு 41 பேர் வந்தார்கள். அதில் குழந்தைகள் ஒன்பது. ஏழு மணி என்று சொன்னால் நம் ஆட்கள் எட்டரைக்கு வருவார்கள் என்பது எனக்குத் தெரிந்தே இருந்தும் அட்டவணையில் போட மறந்துவிட்டேன். எட்டு மணிக்கே சின்னவன் தூங்கிவிட்டான். அத்தான் தோளில் கிடந்த அவன் கையைப் பிடித்து நாங்கள்தான் கேக் வெட்டினோம். எல்லாப் படத்திலும் மண்டையின் பின்பக்கம்தான் தெரிகிறது. மீகூன் நன்றாக இருந்ததாக எல்லாரும் சொன்னார்கள்.

நடுவனுக்கு ஃபுட்சால். இரண்டு மணி நேரத்துக்கு மைதானம், பத்துப் பையன்கள், ஆளுக்கு ஒரு பொட்டலம் நாசி லெமாக். பத்து வயது ஒரு நல்ல வயது. என்ன வேண்டும் என்று தெரியும், கேட்கவும் தெரியும். அலங்காரம் வேண்டாம், பாட்டு வேண்டாம், பெரியவர்கள் மைதானத்துக்குள் வரவே வேண்டாம் என்று நிபந்தனை போட்டான். ஆனாலும் இரண்டு சிக்கல். ஒன்று, மலேசியா தின விடுமுறையான 16ஆம் தேதியில் வைத்தோம். அது செவ்வாய்க்கிழமை, அம்மாவுக்குச் செவ்வாய் சைவம். மறுநாளே புரட்டாசி பிறக்கிறது, அதனால் கோழி போட்டுவிட வேண்டும் என்று அத்தான் ஒரே பிடிவாதம். இரண்டு, அவனுடைய தமிழ்ப்பள்ளிக் கூட்டாளிகளோடு பயிற்சி வகுப்புக் கூட்டாளிகளான ஹரிஸும் டேனியலும் வருகிறார்கள். அதனால் சாப்பாடும் கேக்கும் ஹலால் கடையிலிருந்து வரவேண்டும். இதை எங்களுக்கு ஞாபகப்படுத்தியதே நடுவன்தான். ஐந்து வயதில் விருந்தாளிப் பட்டியலை அப்பா அம்மா போடுகிறார்கள். பத்து வயதில் பையன் போடுகிறான், நாம் சமையலை அதற்கேற்ப மாற்றிக்கொள்கிறோம். பதினாறில் அந்தப் பட்டியல் இருக்கிறது என்பதே நமக்குத் தெரியாது.

மூத்தவனின் பத்தி அப்போதும் காலியாக இருந்தது.

அதைப் பார்த்துக்கொண்டிருந்தபோதுதான் அவனுக்குக் கடைசியாக எப்போது பிறந்தநாள் கொண்டாடினோம் என்று யோசித்தேன். 2019. பத்து வயது. அதன்பின் 2020 மார்ச் 18ஆம் தேதி நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை வந்தது. பதினொன்றாவது பிறந்தநாளில் அக்காவும் அத்தானும் மட்டும். பன்னிரண்டாவதில் அவன் போன் திரைக்கு முன்னால் கேக் வெட்டினான், பதினான்கு சின்னக் கட்டங்களில் நாங்கள் ஆளுக்கொரு வேகத்தில் பாடினோம். பன்னிரண்டு வயதில் எல்லாரையும் போல அடையாளக் கார்டு வந்தது. கார்டு எண்ணின் முதல் ஆறு இலக்கமும் பிறந்த தேதிதான். அரசாங்கம் அவன் பிறந்தநாளை அழியாத பிளாஸ்டிக்கில் எழுதிக் கொடுத்த வருடத்திலிருந்து வீட்டில் நாங்கள் விட்டுவிட்டோம்.

நோய்த்தொற்றை மட்டும் குறை சொல்ல முடியாது. நம் வீடுகளில் வழக்கமே அப்படித்தான். ஒரு வயதுக்கு மண்டபம். எனக்கும் நடந்தது. அந்தப் படம் 'தமிழ் நேச'னில் வந்த துணுக்கை அம்மா இன்னும் வைத்திருக்கிறார். 1924இல் தொடங்கிய அந்தப் பத்திரிகை 2019இல் நின்றேபோனது, துணுக்கு நிற்கவில்லை. அப்புறம் ஐந்து, ஏழு, பத்து என்று பலூன். பன்னிரண்டோடு சரி. மறுபடி இருபத்தொன்றில் மாலை, மண்டபம், தங்க நிறக் காகிதம் ஒட்டிய பெரிய சாவி. அந்தச் சாவி வெள்ளைக்காரனின் பழக்கம். பதினெட்டு வயதில் சட்டப்படி பெரியவனாகி, 2021 டிசம்பரிலிருந்து ஓட்டும் போடலாம் என்றான பிறகும் நாம் அதை இருபத்தொன்றில்தான் கொடுக்கிறோம். பெண்பிள்ளைகளுக்கு நடுவில் ஒரு சடங்கு இருக்கிறது. அதில் எனக்கு ஆயிரம் விமர்சனம் உண்டு, என் சித்தி மகள் அன்றைக்கு அழுத அழுகை மறக்காது. ஆனாலும் ஊர் கூடி, நீ வளர்ந்துவிட்டாய் என்று அவளிடம் சொல்கிறது. எனக்கு மீசை முளைத்தபோது அம்மா சொன்னது: "மூஞ்சிய கழுவுடா, அழுக்கா தெரியுது."

பன்னிரண்டுக்கும் இருபத்தொன்றுக்கும் நடுவில் ஒன்பது வருடம். அந்த ஒன்பது வருடத்திலும் பையனுக்குப் பிறந்தநாள் வராமல் இருப்பதில்லை. யாராவது கேக் வாங்குகிறார்கள்.

கேக் வாங்க பிரிக்பீல்ட்ஸ் போகலாம் வா என்று மூத்தவனைக் கூப்பிட்டேன். கிள்ளானில் ஜாலான் தெங்கு கிளானா முழுக்கக் கடை இருக்கும்போது ஏன் அவ்வளவு தூரம் என்று அக்கா கேட்டாள். புரட்டாசியாச்சே, முட்டை போடாத கேக் அங்கேதான் நன்றாக இருக்கும் என்றேன். உண்மையான காரணம், கிள்ளானிலிருந்து கேஎல் சென்ட்ரலுக்கு கொமுட்டரில் ஒரு மணி நேரம் ஆகும். காடியில் போனால் அவன் காதில் எதையாவது மாட்டிக்கொண்டு ஜன்னலைப் பார்ப்பான். ரயிலிலும் அதையேதான் செய்தான். ஷா ஆலம், சுபாங் ஜெயா, பெட்டாலிங். அங்காசாபுரி வந்தபோது, "இங்கதான்டா வானொலி நிலையம். மின்னல் எஃப்எம்முக்கு முன்னாடி ரேடியோ ஆறுன்னு இருந்துச்சு. பாட்டி போன் போட்டு எனக்குப் பிறந்தநாள் வாழ்த்து சொல்லுவாங்க, நம்ம வீட்டு ஆளுங்க பேரெல்லாம் வரிசையா" என்றேன். ஒரு காதைக் கழற்றி, "எதுக்கு? ஒரே வீட்லதான இருந்தீங்க?" என்றான். நியாயமான கேள்வி.

ஜாலான் துன் சம்பந்தன் சனிக்கிழமைக் கூட்டம். 2010 அக்டோபரில் இரண்டு நாட்டுப் பிரதமர்கள் வந்து லிட்டில் இந்தியா என்று திறந்துவைத்த தெரு. அலங்கார வளைவு, மல்லிகைப்பூ, ஒரு கடைக்கு ஒரு பாட்டு. நடைபாதையில் பார்வையற்றவர்களுக்கான மஞ்சள் தடக் கற்கள் போகிறது, அதன்மேலேயே நம் ஆட்கள் மோட்டாரை நிறுத்தியிருப்பார்கள். கேக் சொல்லிவிட்டு, மெழுகுவத்தி வாங்க ஒரு பார்ட்டி சாமான் கடைக்குள் போனோம். எண் மெழுகுவத்திகள் ஒரு பிளாஸ்டிக் கூடையில் கலந்து கிடந்தன. மூத்தவன் கிளறி இரண்டை எடுத்துக் கல்லாமேல் வைத்தான். ஒன்றும் ஆறும் இல்லை.

அது எந்த எண் என்று எழுதப்போவதில்லை. கிள்ளானில் வளர்ந்தவர்களுக்கு விளக்க வேண்டாம். மற்றவர்களுக்கு: இங்கே சில இரண்டு இலக்க எண்கள் வெறும் எண்கள் இல்லை. சுவரில் இருக்கும், சட்டையின் முதுகில் இருக்கும், சில சமயம் சவ ஊர்வலத்தில் பூவால் செய்து தூக்கிப் போவார்கள்.

"உன் வயசு உனக்கே மறந்துடுச்சா?"

"சும்மா மாமா. கூட்டாளிங்க எல்லாம் இதான் போடுவாங்க. ஸ்டைலு."

நான் எடுத்துக் கூடையில் திரும்பப் போட்டேன். கை கொஞ்சம் நடுங்கியது. கடைக்கார அம்மாள் இருவரையும் மாறிமாறிப் பார்த்தார். அவருக்கும் புரிந்திருக்கும்.

வாழையிலைச் சாப்பாட்டில் ஒன்றும் பேசவில்லை. இரண்டு முறை சாம்பார் கேட்டு வாங்கினான், போனைக் கவிழ்த்து வைத்துவிட்டுச் சாப்பிட்டான். பதினாறு வயதுப் பையன் சாப்பிடுவதைப் பார்க்கும்போது இவனுக்கு என்ன கெடுதல் வந்துவிடப்போகிறது என்று தோன்றும். திரும்பும் ரயிலில்தான், இதுவரை வீட்டில் யாருக்கும் சொல்லாததைச் சொன்னேன்.

2012. எனக்குப் பதினைந்து. கிள்ளானில் நாலாவது மாடி ஃபிளாட். அப்பா துறைமுகத்துக்கு லோரி ஓட்டினார். பிறந்தநாள் காலையில் அம்மா பாயசம் வைத்துக் கொடுத்துவிட்டு வேலைக்குப் போனார். யாரும் மறக்கவில்லை, அவ்வளவுதான் பழக்கம். சாயங்காலம் திடலில் பந்து விளையாடிவிட்டு உட்கார்ந்திருந்தபோது, அங்கே வழக்கமாக வரும் ஒரு அண்ணன் மோட்டாரில் பெட்டியோடு வந்தார். ஒரு கிலோ பிளாக் ஃபாரஸ்ட். என் பெயரில் ஒரு எழுத்து தப்பு. பத்துப் பதினைந்து பேர் கைதட்டிப் பாடினார்கள். என் பெயர் வைத்த கேக்கைப் பார்த்து ஆறு வருடம் ஆகியிருந்தது. அவர் என் கன்னத்தில் கிரீமைத் தடவி, "இனிமே நீ நம்ம தம்பி" என்றார். அன்று இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை, சந்தோஷத்தில்.

இரண்டு வாரம் கழித்து ஒரு பேட்மிண்டன் பையைக் கொடுத்து, ரெண்டு நாள் வீட்டில் வைத்திரு என்றார்கள். கட்டிலுக்கு அடியில் வைத்தேன். திறந்து பார்க்கவில்லை. ராக்கெட்டைவிடக் கனமாக இருந்தது.

அதற்கு மேலே ஒன்றும் நடக்கவில்லை. நான் புத்திசாலித்தனமாக விலகி வந்தேன் என்று எழுத ஆசைதான். வீட்டுக்காரர் வாடகையை நூறு வெள்ளி ஏற்றினார், அப்பாவுக்கு முடியவில்லை, காப்பார் பக்கம் மாறிப்போனோம். திடலுக்குப் போக பஸ் இல்லை. அந்த நூறு வெள்ளியால் நான் பெர்லிஸ் போய்ப் பட்டம் வாங்கினேன். என்னோடு அன்றைக்குக் கேக் தின்ற இன்னொருவன் இப்போது எங்கே இருக்கிறான் என்று எனக்குத் தெரியும். 2013 ஆகஸ்டில் உள்துறை அமைச்சு 49 குண்டர் கும்பல்களின் பட்டியலை வெளியிட்டது. 04, 08, 36 என்று பத்திரிகையில் எண் எண்ணாகப் போட்டிருந்தார்கள். சாயாக் கடையில் அப்பா விரித்து வைத்துக்கொண்டு திட்டிக்கொண்டிருந்தார். நான் எதிர்ப்பக்கத்திலிருந்து தலைகீழாகவே தேடினேன். இருந்தது.

மூத்தவன் இரண்டு காதையும் கழற்றியிருந்தான். பாடாங் ஜாவா தாண்டியபிறகு கேட்டான்: "கேக் நல்லா இருந்துச்சா மாமா?"

"ரொம்ப நல்லா இருந்துச்சு."

பொய் சொல்லியிருந்தால் அவன் கண்டுபிடித்திருப்பான்.

ஒரு கேக் வாங்கிக்கொடுத்தால் குண்டர் கும்பல் ஒழிந்துவிடும் என்று நான் சொல்லவில்லை. தோட்டங்கள் துண்டாடப்பட்டு நகரத்து ஓரங்களுக்கு வந்த குடும்பங்கள், பாதியில் நின்ற படிப்பு, வேலை கொடுக்காத முதலாளிகள் என்று இதைப்பற்றி என்னைவிட நன்றாகப் பேசுகிறவர்கள் இருக்கிறார்கள். நம் ஊருக்கு மட்டுமான கதையும் இல்லை. 2018 பிப்ரவரியில் சென்னைக்கு வெளியே ஒரு ரவுடியின் பிறந்தநாள் விழாவில் போலீஸ் புகுந்து எழுபதுக்கு மேற்பட்டவர்களைப் பிடித்தது. அவர் வீச்சரிவாளால் கேக் வெட்டும் படத்தை நாம் எல்லாரும் போனில் பார்த்துச் சிரித்தோம். எனக்கு அதில் அரிவாளைவிடக் கூட்டம்தான் கண்ணில் பட்டது. ஒரு ஆளின் பிறந்தநாளுக்கு எழுபது பேர். நான் பேசுவது என் எக்செல்லில் காலியாக இருந்த ஒரு பத்தியைப்பற்றி மட்டும்.

பதினாறு வயதுக்காரனிடம் என்ன வேண்டும் என்று கேட்டால் மூன்று பதில்தான் வரும்: ஒண்ணும் வேணாம், தெரியல, எதாச்சும். கிள்ளான் ஸ்டேஷனில் இறங்கும்வரை மூன்றையும் சொன்னான். காடியில் ஏறிய பிறகு, முன்னால் பார்த்துக்கொண்டே சொன்னான்: "இருபதாம் தேதி ராத்திரி பத்து மணிக்கு மேட்ச் இருக்கு. மாமாக் கடையில பெரிய திரையில போடுவாங்க. முடியறப்ப பன்னெண்டு ஆயிடும். அப்பயே வெட்டிடலாம். அம்மா விடமாட்டாங்க."

"நான் கூட வந்தா?"

யோசித்தான். "வாங்க. ஆனா வேற மேசையில உக்காருங்க."

அப்படியாக மூன்றாவது விழாவின் திட்டம் முடிந்தது. பையன்கள் ஏழு பேர், ரொட்டி சானாய், சீஸ் தோசை, மைலோ ஐஸ். எல்லாம் சைவம், அம்மாவுக்கும் புரட்டாசிக்கும் பதில் சொல்லலாம். செலவு மூன்றிலும் குறைவு. அக்காவைச் சம்மதிக்க வைக்கத்தான் இரண்டு நாள் ஆயிற்று. "நடுராத்திரியில ரோட்டுக் கடையில வச்சு வெட்டணுமா? வீட்ல வச்சா என்ன?" வீட்டில் வைத்தால் அவன் கூட்டாளிகள் வரமாட்டார்கள், வந்தாலும் அவர்கள் யார் என்று நமக்குத் தெரியாது என்றேன். ரயிலில் பேசியதைச் சொல்லவில்லை.

அந்த ராத்திரி நான் பக்கத்து மேசையில் தே தாரிக்கோடு லேப்டாப்பைத் திறந்துவைத்து வேலை செய்வதுபோல் நடித்தேன். ஏழு பேரில் மூன்று பேர் மோட்டாரில் வந்தார்கள், இரண்டு பேருக்கு லைசென்ஸ் இருந்திருக்கலாம். ஒருவன் சீனப் பையன், தமிழில் கெட்ட வார்த்தை எல்லாம் சுத்தமாக வருகிறது. கேக் பெட்டியை மாமாக் கடை அண்ணன் தன் ஐஸ் பெட்டிக்குள் வைத்திருந்தார். இடைவேளையில் போய் பில்லை முன்கூட்டியே கட்டினேன். அது மட்டும் எக்செல்லில் இல்லாத யோசனை. ஏன் செய்தேன் என்று அப்போது தெரியவில்லை.

பதினொன்றரைக்கு அவர்கள் வந்தார்கள். மூன்று பேர். பையன்கள் உடனே நாற்காலியை நகர்த்தி இடம் கொடுத்தார்கள், எழுந்து கை கொடுத்தார்கள். நடுவில் உட்கார்ந்தவர் மூத்தவன் தோளில் கை போட்டார். நல்ல சிரிப்பு. ஆட்டத்தைப்பற்றித்தான் பேசினார்கள், வேறொன்றும் காதில் விழவில்லை. கொஞ்ச நேரத்தில் அவர் கையைத் தூக்கி, "அண்ணே, கீரா!" என்று பில் கேட்டார்.

"கட்டியாச்சு" என்றார் மாமாக் கடை அண்ணன், தாடையால் என்னைக் காட்டி.

அவர் எழுந்து என் மேசைக்கு வந்தார். கிட்டே வந்தபோதுதான் கவனித்தேன். இருபத்து மூன்று, இருபத்து நான்கு வயது இருக்கும். என்னைவிடச் சின்னவர். பதினைந்து வயதிலிருந்து என் தலைக்குள் இருக்கும் அண்ணனுக்கு வயதே ஆகவில்லை, எனக்கு மட்டும் ஆகியிருக்கிறது.

"நீங்கதான் மாமாவா? நல்ல பையன்ணே. நாங்க பாத்துக்கறோம்."

"நாங்களும் பாத்துக்கறோம் தம்பி" என்றேன். குரல் நான் நினைத்ததைவிட மெலிதாக வந்தது. அவர் சிரித்தார். மிரட்டலெல்லாம் இல்லை, மரியாதையாகத்தான் சிரித்தார். உட்காருங்கள், கேக் வெட்டப்போகிறோம் என்று நானே சொன்னேன். பன்னிரண்டு மணிக்கு ஆட்டம் முடிந்து, ஒன்றும் ஆறும் ஏற்றினோம். சீலிங் ஃபேன் இரண்டு முறை அணைத்தது. மூன்றாம் முறை பக்கத்து மேசைக்காரர்களும் சேர்ந்து, மலாயில் பாதி ஆங்கிலத்தில் பாதி, முழுக் கடையும் பாடியது. மூத்தவன் முதல் துண்டை வெட்டிக் கையில் வைத்துக்கொண்டு யாருக்குக் கொடுப்பது என்று தெரியாமல் ஒரு நொடி நின்றான். அப்புறம் தானே தின்றுவிட்டான். எல்லாரும் கத்தினார்கள்.

போகும்போது அந்தத் தம்பி அவன் சட்டைப் பையில் எதையோ செருகிவிட்டுப் போனார்.

காடியில் ஏறியபின் எடுத்துப் பார்த்தான். ஐம்பது வெள்ளி நோட்டு, நாலாக மடித்தது.

"இத என்ன பண்றது மாமா?"

"தெரியலடா" என்றேன். திருப்பிக் கொடுத்தால் அது ஒரு பேச்சு. வைத்துக்கொண்டால் அது வேறொரு பேச்சு. அவன் கொஞ்ச நேரம் கையிலேயே வைத்திருந்தான். பிறகு காடியின் முன் டிராயரைத் திறந்து, மிச்சமான மெழுகுவத்திகளோடு சேர்த்து உள்ளே போட்டு மூடினான்.

நேற்று டோல் கார்டு தேடும்போது டிராயரைத் திறந்தேன். வெயிலில் ஆறு உருகி நோட்டின்மேல் ஒட்டியிருக்கிறது. அக்கா இன்னொரு குரல்பதிவு அனுப்பியிருக்கிறாள், இந்த முறை மூன்றே நிமிடம். அடுத்த வருடமும் அதே மாமாக் கடைதான் வேண்டுமாம், ஒன்பது பேராம், அவர்கள் பெயரை அவனே அம்மாவிடம் எழுதிக் கொடுத்திருக்கிறானாம். அந்தத் தாளைப் படம் எடுத்து அனுப்பு என்று கேட்டிருக்கிறேன்.